“அவரு அவங்க வீட்டுக்காரரா?”: ‘சின்ன மச்சான்’ பாட்டை முன்வைத்து

1

‘சார்லி சாப்ளின் 2’ படத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. 2019 ஜனவரியில் வந்தது. சக்தி சிதம்பரம் இயக்கம், பிரபுதேவாவும் நிக்கி கல்ராணியும் ஜோடி, அம்ரிஷ் இசை. படம் வந்த வேகத்தில் போய்விட்டது. அதிலிருந்த ‘சின்ன மச்சான்’ மட்டும் பிழைத்துக்கொண்டது. யூடியூப்பில் கோடிக்கணக்கான பார்வைகள், கல்யாண மண்டபங்கள், காலேஜ் கல்ச்சுரல்ஸ், தர்மபுரியிலிருந்து ஓசூர் போகும் பிரைவேட் பஸ்கள். எங்கே போனாலும் அது நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

பாடியவர்கள் செந்தில் கணேஷும் ராஜலட்சுமியும். கணவன் மனைவி. மேடைகளில் வளர்ந்த நாட்டுப்புறப் பாடகர்கள், செந்தில் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். 2018இல் விஜய் டிவியின் சூப்பர் சிங்கர் ஆறாவது சீசனில் இருவருமே போட்டியாளர்களாக வந்தார்கள், செந்தில் பட்டம் வென்றார். சினிமாப் பாட்டைப் பாடிக் காட்டுவதற்கென்றே இருக்கிற ஒரு மேடையில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நாட்டுப்புறப் பாட்டையே பாடி ஜெயித்தது சின்ன விஷயம் இல்லை. ‘சின்ன மச்சான்’ சினிமாவுக்காகப் பிறந்த பாட்டும் இல்லை. அவர்கள் முன்பே மேடைகளில் பாடிக்கொண்டிருந்ததைத்தான் சினிமா எடுத்துக்கொண்டது.

இந்தப் பாட்டு ‘ஹிட்’ ஆன கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். பாட்டாக இதைக் கேட்டு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. நாட்டுப்புறப் பாட்டு என்றால் ‘மண்வாசனை’, ‘எளிமை’ என்று ரெண்டு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிற பழக்கம் நமக்கு. ராஜாவின் ஒரு இன்டர்லூடுக்கு மூவாயிரம் வார்த்தை எழுதுகிறோம், மேடைத் தெம்மாங்குக்கு மூன்று வார்த்தை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் நேர் செய்யலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

2

பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். அவள் கூப்பிடுகிறாள். அவன் என்னவென்று கேட்கிறான். மறுபடியும் கூப்பிடுகிறாள், இந்த முறை வேறொரு அடைமொழியோடு. அவன் சொல்லச் சொல்கிறான். அவ்வளவுதான். அவனுக்குக் கிடைத்திருப்பது இரண்டே சொல், அதில் ஒன்று ‘புள்ள’ என்கிற விளி. விஷயம் முழுக்க அவளிடம் இருக்கிறது. அவள் அதை உடனே போட்டு உடைப்பதில்லை. நாலு தடவை கூப்பிட்டு, அவன் காதையும் நம் காதையும் இழுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் சொல்கிறாள்: ஊருக்குள்ளே நம்ம ரெண்டு பேரையும் பற்றி ஒரு தினுசாகப் பேச்சு நடக்கிறது.

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு மெஷின் கேட்கும், இன்னொரு மெஷின் பதில் சொல்லும், அந்தப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்ப்பதே என் தொழில். எசப்பாட்டையும் அந்தக் காதோடு கேட்டுப் பழகிவிட்டேன். இந்தப் பாட்டில் அவள் அடி முடிவதற்கும் அவன் பதில் தொடங்குவதற்கும் நடுவே இடைவெளியே கிடையாது. அவள் கடைசி உயிரெழுத்து இழுபடும்போதே அவன் உள்ளே வந்துவிடுகிறான். மேடையில் அவர்கள் பாடும் வீடியோக்களில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதுகூட இல்லை. கூட்டத்தைப் பார்த்தே பாடுகிறார்கள், பதில் மட்டும் தவறாமல் வந்து விழுகிறது. நூற்றுக்கணக்கான இரவுகள் ஒன்றாகப் பாடினால்தான் இது கைகூடும். ‘காதல் குரலில் தெரிகிறது’ என்று கமென்ட் போடுகிறவர்கள் இந்த உழைப்பைத்தான் காதல் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டு குரலும் நெஞ்சிலிருந்து வருபவை. ராஜலட்சுமியின் குரலில் மெருகேற்றிய வளைவுகள் இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலைக்குரலுக்கு நழுவாமல், தொண்டையைத் திறந்து அப்படியே ஏறுகிறார். சினிமா டூயட்டில் பெண் குரல் ஆண் குரலைவிட மெலிதாக, பின்னால் நிற்பதுபோல ஒலிக்க வேண்டும் என்று பல வருடங்களாக ஒரு எழுதாத விதி இருந்தது. இங்கே அது இல்லை. அவர் ஆரம்பிக்கிறார், செந்தில் பின்தொடர்கிறார். வயல்காட்டில் அந்த வரப்பிலிருந்து இந்த வரப்புக்குக் கேட்க வேண்டிய குரல், மைக் இருந்தாலும் தன் பழக்கத்தை விடவில்லை.

பாட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறது. அதுதான் ஊர். அவளுக்கும் அவனுக்கும் நடுவே எந்தச் சண்டையும் இல்லை. பிரச்சினை முழுக்க ஊர் பார்க்கிறது, ஊர் பேசுகிறது என்பதுதான். அதைச் சொல்லும்போது அவள் குரலில் பயம் கொஞ்சம், பெருமை கொஞ்சம். ‘பேசுறாங்க’ என்று புகார் சொல்கிறவள் உள்ளுக்குள் அதை ரசிக்கவும் செய்கிறாள் என்பது ஏற்ற இறக்கத்திலேயே தெரிகிறது. இந்த இரட்டைத் தொனிதான் பாட்டின் உயிர். அதை ராஜலட்சுமி ஒரு இடத்தில்கூட அதிகமாக நடித்துக் காட்டுவதில்லை.

3

இப்போது ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். பாட்டில் வருகிற இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தால் ஊர் பேச என்ன இருக்கிறது? பாடுகிறவர்களுக்கோ கல்யாணம் ஆகிவிட்டது. கல்யாணமாகாத ஜோடியின் ஊர்வம்பை, கல்யாணமான ஜோடி பாடுகிறது. கூட்டத்துக்கு அது தெரியும். தெரிந்ததனால்தான் விசில் அடித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறது.

எங்கள் ஊர் பாப்பாரப்பட்டி. பென்னாகரத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவே இருக்கிறது. சுப்பிரமணிய சிவா கடைசி நாட்களைக் கழித்து 1925இல் இறந்த ஊர் என்றால் சிலருக்கு நினைவு வரலாம். எங்கள் பக்கம் மேடை என்றால் தெருக்கூத்து. பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அதில் திரௌபதியாக வருகிறவர் ஆண். சுபத்திரையும் ஆண், குந்தியும் ஆண். புடவையும் சவுரியும் கட்டைக்குரலுமாக அவர்கள் துகிலுரிதலில் அழும்போது எங்கள் பாட்டிமார் சேர்ந்து அழுவார்கள். கூத்தின் கலையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண் வேஷங்களைப் போல நடிப்பு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் கணக்கு என்னவென்றால், பெண் கதை விடிய விடிய நடக்கிற மேடையில் பெண் கிடையாது.

பிறகு பண்டிகைக்கு ‘நாட்டுப்புற இன்னிசைக் கச்சேரி’ வர ஆரம்பித்தது. தவில், உறுமி, கீபோர்டு, பேட், நாலு பாடகர்கள். ஒரு வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு வந்த குழுவில் ஒரு அக்கா பிரமாதமாகப் பாடினார். கூடப் பாடிய ஆணோடு கேலியும் கிண்டலுமாக எசப்பாட்டு. எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாக்கள் இருவர் பாட்டை ரசித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் மூன்றாவது பாட்டுக்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

“ஏன்டி, அவரு அவங்க வீட்டுக்காரரா?”

“தெர்லயேக்கா. இருக்கும்.”

“இருந்தாச் சரி.”

இந்த ‘இருந்தாச் சரி’யை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அதில் வன்மம் இல்லை. அந்தப் பெரியம்மா யாரையும் திட்டவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு அனுமதி. பாடுகிற பெண்ணுக்கு இல்லை, தனக்குத்தான். ‘இந்தப் பொண்ணு பாடுறதை நான் கூச்சப்படாம ரசிக்கலாமா?’ என்பதுதான் கேள்வி. கூடப் பாடுகிறவர் புருஷன் என்றால் ரசிக்கலாம். அப்போது அந்தக் கேலியும் சிணுங்கலும் வீட்டு விஷயம் ஆகிவிடும். இல்லையென்றால் அதே பாட்டு, அதே குரல், அதே வரி, ஆனால் வேறு அர்த்தம்.

அந்தப் பெரியம்மாவே கடலைக்காட்டில் களை எடுக்கும்போது பாடுகிற ஆள்தான். அங்கே அவர் பாடியதில் மேடையில் பாடியதைவிட வெளிப்படையான வரிகள் உண்டு. நடவு, களையெடுப்பு, கும்மி, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் பெண்கள் பாடியவை. அப்போது யாரும் ‘உன் வீட்டுக்காரர் எங்கே’ என்று கேட்கவில்லை. ஏனென்றால் அங்கே பாடுகிறவள், கேட்கிறவள் என்ற பிரிவே இல்லை. வேலையோடு வேலையாகப் பாட்டு. மைக் வந்து, ஒருத்தி எழுந்து நின்று பாட, மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த நிமிஷத்தில்தான் இந்தக் கேள்வி பிறக்கிறது.

4

தமிழ் மேடையில் மண்ணின் பாட்டைப் பாடிய பெண்கள் எப்படி நுழைந்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவர் நவநீதகிருஷ்ணனும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்கள். ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பாடல்களைச் சேகரித்து, அதை மேடையிலும் வானொலியிலும் கேசட்டிலும் சேர்ந்து பாடினார்கள். 2018இல் விஜயலட்சுமிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அடுத்து புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும். வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்தின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட குப்புசாமி, முறையாக இசை படித்த அனிதா. தொண்ணூறுகளில் அவர்கள் கேசட் ஓடாத டீக்கடை கிடையாது. மூன்றாவது செந்தில் கணேஷ், ராஜலட்சுமி. மூன்று தலைமுறை, மூன்று ஜோடி, மூன்றும் தம்பதி.

தம்பதி இல்லாமல் வந்தவர்கள்? கொல்லங்குடி கருப்பாயி 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் வந்து பாடினார், பாட்டியாக. பரவை முனியம்மா 2003இல் ‘தூள்’ படத்தில் வந்து பாடினார், அவரும் பாட்டியாக. இருவரும் அசாத்தியமான குரல்கள். அவர்கள் வெற்றிலைச் சிரிப்போடு எவ்வளவு கிண்டலாகப் பாடினாலும் நமக்கு உறுத்தவில்லை. வயது அவர்களுக்குக் காவல் நின்றது.

ஆக நாட்டுப்புறம் பாடும் பெண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு அனுமதிச் சீட்டு. ஒன்று பக்கத்தில் நிற்கும் கணவன். இரண்டாவது நரைத்த தலை. விதிவிலக்குகள் உண்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் ரெண்டு மூன்று பேரைச் சொல்ல முடியும். அவர்கள் அந்த விதிவிலக்குக்குக் கொடுத்த விலையையும் அவரவர் ஊரில் கேட்டால் சொல்வார்கள்.

இதை முழுசாக வாழ்ந்து பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்லலாம். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். அவர் நாட்டுப்புறப் பாடகர் இல்லை, நாடக மேடைக்காரர். ஆனால் அவர் கதையில் எல்லாச் சீட்டும் ஒவ்வொன்றாக வருகின்றன. 1908இல் பிறந்தவர். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்து, 1927இல் அவரை மணந்தார். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி உண்டு. இருவரும் மேடையில் போட்டி போட்டுப் பாடியதைக் கேட்கக் கூட்டம் அலைமோதியது. நிஜ வாழ்க்கை அவ்வளவு சுருதி சேரவில்லை. பிரிவின்போது அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன, படித்தால் தூக்கம் வராது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார், இருபத்தேழு வயதில். சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடவைக்கு மாறினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார்.

பிறகு அவர் என்னவாக வந்தார்? 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக, அதாவது ஆணாக. 1953இல் ‘ஔவையார்’ படத்தில் கிழவியாக. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஔவையின் கதையே இதுதானே? கல்யாணம் பேசி வந்தபோது பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊர் ஊராகப் பாடிக்கொண்டு போன பெண். பாடித் திரிய வேண்டுமென்றால் ஒன்று கணவன் வேண்டும், இல்லை கிழவியாக வேண்டும் என்ற கணக்கு, நம் கதை மரபுக்கு மைக் வருவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

5

ஜோடியாகப் பாடுவதில் பெயர் போன இன்னொரு மரபு அமெரிக்காவின் கண்ட்ரி இசை. அதுவும் கிராமத்துப் பாட்டுதான். பண்ணை, சர்ச், சாராயம், ரயில். அங்கே கணவன் மனைவி டூயட் ஒரு தனி வகையாகவே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் நம்முடையது எங்கே வேறுபடுகிறது என்று தெளிவாகும்.

ஜானி கேஷும் ஜூன் கார்ட்டரும் பாடிய ‘ஜாக்சன்’ 1967இல் வந்தது. காய்ச்சலைப் போலச் சட்டென்று கல்யாணம் செய்துகொண்டு, இப்போது சூடு ஆறிப்போன புருஷன் பெண்டாட்டியின் சண்டை அது. அவன் பக்கத்து டவுனுக்குப் போய் ஆட்டம் போடப் போகிறேன் என்று சவடால் விடுகிறான், அவள் போய்ப் பாரேன் என்று நக்கலடிக்கிறாள். கேட்டால் பழைய தம்பதி என்று சத்தியம் செய்வீர்கள். ஆனால் அதைப் பதிவு செய்தபோது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில்தான் ஆனது. ‘சின்ன மச்சான்’ பாட்டை அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி. அங்கே கல்யாணமாகாதவர்கள் கல்யாணச் சண்டையைப் பாடுகிறார்கள். இங்கே கல்யாணமானவர்கள் கல்யாணத்துக்கு முந்தைய வம்பைப் பாடுகிறார்கள்.

ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனட்டும் இன்னும் ஒரு படி மேலே. 1969இல் கல்யாணம், 1975இல் விவாகரத்து. நடுவில் அவர்கள் பாடிய டூயட்களை ரசிகர்கள் அவர்கள் வீட்டு நிலவரம் சொல்லும் செய்தி மாதிரி கேட்டார்கள். 1973இல் பிரிகிற நிலைக்குப் போய்ச் சேர்ந்ததை ஒட்டி, விடாமல் பற்றிக்கொள்வோம் என்ற பொருளில் ஒரு பாட்டு வந்தது, கண்ட்ரி பட்டியலில் முதலிடம். விவாகரத்து ஆன பிறகு, 1976இல், ‘கோல்டன் ரிங்’. அடகுக்கடையில் இருக்கும் ஒரு மோதிரம் கல்யாணத்துக்குப் போய், சண்டை பார்த்து, மறுபடியும் அடகுக்கடைக்கே வந்து சேருகிற கதை. அதுவும் முதலிடம். பிரிந்துபோன இருவர் ஒரே மைக்குக்குத் திரும்பி வந்து, கல்யாணம் முறிவதைப் பாடுகிறார்கள். ஊர் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறது.

நம் ஊரில் விவாகரத்தான ஜோடி ஒன்று மேடையேறி டூயட் பாடினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் முன்வரிசைப் பெரியம்மாவிடம் என்ன பதில் சொல்வது?

அங்கே கல்யாணம் பாட்டின் பொருள். இங்கே கல்யாணம் பாட்டுக்கான லைசென்ஸ். அதனால்தான், நான் கேட்டவரை, நம் தம்பதிகள் பாடுகிற எசப்பாட்டுகளில் பெரும்பாலும் கல்யாணமே வருவதில்லை. மாமன், மச்சான், அத்தை மகள், கிணத்தடி, திருவிழா, வளையல்கடை, கருக்கல் நேரம். தாலி ஏறும் இடத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் நடப்பதைப் பாடும் பாட்டுகள் நம்மிடம் இல்லாமலில்லை. குடிகாரப் புருஷன், மாமியார் கொடுமை, அண்ணன் சீர் கொண்டு வராத வருத்தம் எல்லாமே பெண்கள் பாட்டில் உண்டு. ஆனால் அவை களையெடுப்பிலும் ஒப்பாரியிலும் பெண்கள் தங்களுக்குள் பாடிக்கொள்பவை. கணவன் பக்கத்தில் நின்று பதில் பாட வேண்டிய வடிவத்துக்கு அவை வந்து சேரவில்லை. வந்த ஒரே வாசல் நகைச்சுவை. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் திரையில் புருஷன் பெண்டாட்டியாக வந்து ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொண்டதில் குடும்பம் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. 1957இல் கலைவாணரோடு அந்த வாசலும் ஏறக்குறைய சாத்திக்கொண்டது.

6

இதைச் சொல்லும்போது ஒரு எதிர்வாதம் வரும். “கலைஞனோட சொந்த வாழ்க்கையை எதுக்குப் பாக்கறீங்க? பாட்டை மட்டும் கேளுங்க.” நல்ல வாதம். ஆனால் இந்தப் பாட்டு விஷயத்தில் அது நடக்காத காரியம். மேடையில் அறிமுகம் செய்கிறவரே ‘தம்பதி’ என்று சொல்லித்தான் கூப்பிடுகிறார். டிவி அதையே கதையாகக் கட்டுகிறது. போட்டியில் கணவன் முன்னேறும்போது கேமரா மனைவி முகத்துக்குப் போகிறது, மனைவி பாடும்போது கணவன் முகத்துக்கு. கண்ணீர், பின்னணியில் வயலின். பாட்டை மட்டும் கேட்கிற வசதியை அவர்களுக்கும் யாரும் தரவில்லை, நமக்கும் தரவில்லை. ஆகவே கல்யாணத்தை மறந்துவிட்டுக் கேட்பதைவிட, அது பாட்டில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்து கேட்பதே நேர்மை.

அந்த வேலை இரண்டு விதம். நல்ல பக்கம் முதலில். ராஜலட்சுமிக்கு அது ஒரு இடத்தைத் திறந்தது. தொலைக்காட்சியின் மெல்லிசைக் குரல்கள் நடுவே தொண்டை திறந்து பாட, கிண்டலடிக்க, ஆரம்பிக்க, ஆணைத் தன் பின்னால் வரவைக்க அவரால் முடிந்தது. அந்தக் கல்யாணம் கொடுத்த பாதுகாப்பில் நின்றுகொண்டு, கல்யாணமாகாத ஒருத்தியின் பயத்தையும் கிளர்ச்சியையும் நம் ஊர்க் கூட்டத்தின் முன்னால் உரக்கப் பாடினார். அந்தக் கூட்டத்தில் இருக்கும் பதினெட்டு வயசுப் பெண்ணுக்கு, ஊர் தன்னைப் பற்றிப் பேசுவதை ஒரு பெண் இவ்வளவு தெனாவெட்டாகச் சொல்ல முடியும் என்பது ஒரு செய்தி. எங்கள் பக்கத்தில் ஊர்ப் பேச்சு என்பது விளையாட்டில்லை என்று தர்மபுரி மாவட்டத்துச் செய்திகளைப் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் இளவரசனின் உடல் தண்டவாளத்தின் ஓரத்தில் கிடந்த மாவட்டம் இது. ‘ரெண்டு பேரைப் பத்தி ஊருக்குள்ள பேசிக்கிறாங்க’ என்ற வாக்கியம் இங்கே என்னவெல்லாம் ஆகும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மச்சான் என்கிற சொல்லே ஒரு வேலிதான். முறையுள்ளவன், சொந்தத்துக்குள் இருப்பவன். ஊர் பேசினாலும் கடைசியில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஜோடி. அந்த வேலிக்குள் நின்றுதான் இந்தப் பாட்டு ஊரைக் கேலி செய்கிறது. வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இன்னும் பாட்டு இல்லை.

இதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. எங்கள் வீட்டுப் பக்கம் பெண்கள் கட்டிக்கப் போகிறவனை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் என்பது பையன்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்கிற சொல். புதுக்கோட்டைக்காரரின் பாட்டு வந்த பிறகு எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெண்ணின் தோழிகள் மாப்பிள்ளையைப் பார்த்து ‘சின்ன மச்சான்’ பாடுகிறார்கள். நாட்டுப்புறம் என்று ஒற்றையாகச் சொல்கிறோமே, அதற்குள்ளேயே ஒரு ஊர்ச் சொல் இன்னொரு ஊருக்கு விருந்தாளியாகத்தான் வருகிறது.

இனி கெட்ட பக்கம். லைசென்ஸ் என்று ஒன்று இருந்தால், அது இல்லாதவர்களைத் தடுக்கவும் செய்யும். இந்த ஜோடியின் வெற்றிக்குப் பிறகு கச்சேரிக் குழுக்களில் ‘தம்பதியா?’ என்ற கேள்வி இன்னும் சத்தமாகியிருக்கிறது. இரண்டு பாட்டுக்கு நடுவே புருஷன் பெண்டாட்டி ஜோக் சொல்லாத மேடை குறைந்துவிட்டது. எசப்பாட்டின் அடிப்படையே போட்டி. யார் பதில் சொல்ல முடியாமல் நிற்பார்கள் என்ற பதற்றம். தம்பதி மேடையில் அந்தப் பதற்றம் செல்லச் சண்டையாகக் கரைந்துபோகிறது. யார் தோற்றாலும் வீட்டுக்கு ஒரே வண்டியில்தானே போகப் போகிறார்கள்.

சினிமா இதில் வேறொன்றைச் செய்தது. படத்தில் நாம் பார்ப்பது பிரபுதேவாவையும் நிக்கி கல்ராணியையும். குரல் கொடுத்த தம்பதி மறைந்துவிட்டார்கள். மேடையில் மூன்றாவது ஆளாக இருந்த ஊரும் மறைந்து, அந்த இடத்தில் குரூப் டான்ஸர்கள் வந்துவிட்டார்கள். ஊர் பேசுகிறது என்று பாடும்போது பின்னால் நிற்கிற ஊரே சேர்ந்து ஆடினால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள்? பிரபுதேவாவின் உடம்பு எப்போதும்போல வித்தை காட்டுகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புகாரும் பெருமையும் கலந்த அந்த இரட்டைத் தொனிக்குத் திரையில் முகம் இல்லை. மேடை வீடியோவையும் படப் பாட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

7

2021இல் ‘புஷ்பா’ படத்தின் தமிழ் வடிவத்தில் தேவி ஸ்ரீ பிரசாத் இசையில் ‘வாயா சாமி’ வந்தது. பாடியவர் ராஜலட்சுமி. தனியாக. அதில் எசப்பாட்டு இல்லை, பதில் குரல் இல்லை. ஒருத்தி தன் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவ்வளவுதான். அந்தக் குரலில் ‘சின்ன மச்சான்’ காலத்து உரமும் இருக்கிறது, அப்போது இல்லாத ஒரு நிதானமும் இருக்கிறது. அடுத்த சொல்லுக்கு ஆள் காத்திருக்கவில்லை என்பதால் சொற்களைத் தன் இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்ள முடிகிறது. என் கணிப்பில் ‘சின்ன மச்சான்’ பாட்டைவிட இது நுட்பமான பாடல்முறை.

இதற்கு யாரும் ‘வீட்டுக்காரர் எங்கே’ என்று கேட்கவில்லை. பின்னணிப் பாடல் என்கிற ஏற்பாட்டின் வசதி அது. முகம் ராஷ்மிகா மந்தனாவுடையது, குரல் மட்டும் ராஜலட்சுமியுடையது. கணவன், முதுமை என்று ரெண்டு சீட்டைச் சொன்னேன். மூன்றாவதாக இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. பின்னணிப் பாடகியரின் குரலை எழுபது எண்பது வருடங்களாக நம் சமூகம் கூச்சமில்லாமல் ரசித்து வந்ததன் ரகசியத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

அதே பெண் அதே பாட்டை எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை மேடையில், தனியாக, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்வரிசையைப் பார்த்துப் பாடினால் என்ன ஆகும்? ராஜலட்சுமி பாடினால் கைதட்டுவார்கள். இப்போது அவருக்குப் பெயர் இருக்கிறது, யார் மனைவி என்பதும் எல்லோருக்கும் தெரியும். பெயர் இல்லாத, பக்கத்தில் யாரும் நிற்காத, இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி பாடினால்? நல்ல குரலாகவே இருக்கட்டும். அவளிடம் என்ன கேட்போம்?

‘சின்ன மச்சான்’ நல்ல பாட்டு. அடுத்த முறை எங்காவது ஓடும்போது அந்த முதல் நாலு அடியை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள். அவன் பதில் வருவதற்கு முன்னால், அவள் கூப்பிட்டு முடித்த அந்தக் கணத்தில், குரல் தனியாகத்தான் நிற்கிறது. அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றுவதில்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.